கார்டு போட்ட நாள்

பட்டுக்கோட்டையில் இன்று என் மகன் புது மோட்டார் சைக்கிள் எடுத்தான். "பெரியவரே, கார்டு போட்டுரலாமா?" என்று கடைக்காரர் கேட்டார். எஞ்சினுக்கு இருபுறமும் வளைத்து மாட்டும் இரும்புக் குழாயைத்தான் சொன்னார். புதுப் பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் முகம் வந்துவிட்டது, ஐயா. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

உழுகிறவன் பெயரைக் குத்தகைப் பதிவில் ஏற்றச் சொல்லி சர்க்கார் உத்தரவு போட்ட காலம். தாலுக்கா ஆபீஸ் ஆட்கள் நம் ஊர்ச் சாவடிக்கு வருவதாகத் தண்டோரா போட்டார்கள். பதிந்தவனுக்குக் கார்டு கிடைக்கும் என்று எங்கள் தெரு முழுக்கப் பேச்சு. வாய்க்கால் தலைப்பில் உங்கள் மூன்று மா நிலத்தை, என் அப்பாவுக்குப் பிறகு நான்தான் உழுதேன். அவர்கள் வருவதற்கு முதல் நாள் நீங்கள் என்னைக் கூப்பிட்டு விட்டீர்கள்.

"டேய், நாளைக்குப் பட்டுக்கோட்டை போறோம். கார்டு போடணும். வெள்ளன வந்துரு."

என் கார்டு என்றே நினைத்தேன். "தாலுக்கா ஆளு இங்க வர்றப்ப நீ ஏன் அங்க போவணும்?" என்றாள் என் பெண்சாதி. "ஐயாவே கூட்டிட்டுப் போறாரு, உனக்கு என்னடி தெரியும்?" என்று அதட்டினேன். வெளுத்த வேட்டி கட்டி உங்கள் மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்தேன். எங்கள் தெருவில் அதுவரை யாருக்கும் வாய்க்காதது.

பட்டறையில் மெக்கானிக் போல்ட்டு முறுக்க, வண்டி சாயாமல் நான் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் உச்சிக்கு வந்த பிறகு மெல்லக் கேட்டேன்: "ஐயா, என் கார்டு?"

நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "இதான்டா கார்டு! வண்டி உழுந்தா எஞ்சினு தப்பிச்சுக்கும்."

பொழுது சாயத் திரும்பினோம். என் பெண்சாதி சாவடி வாசலிலேயே நின்றாள். "நான் போயி சொன்னேன். உழுறவன் வரட்டும்னாங்க. உன்னைக் காணோம்னதும் ஐயாவோட சொந்தச் சாகுபடின்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க."

அடுத்த குறுவைக்கு என்னை வரப்பில் ஏறவிடவில்லை நீங்கள். 'கார்டுக்காரன்' என்று பட்டப்பெயர் வைத்தீர்கள், ஊரே கூப்பிட்டது. ஒரு மழையில் வாய்க்கால் கரைச் சேற்றில் வண்டியோடு விழுந்தீர்கள். கீறல்கூட இல்லாமல் எழுந்து, "பாத்தியாடா, உன் கார்டு காப்பாத்திருச்சு" என்றீர்கள். அன்று நான் கும்பிட்ட சாமியையெல்லாம் திட்டினேன்.

உங்கள் சாவுக்கு வந்தேன். அழ வரவில்லை. நெருப்பு நன்றாகப் பிடித்ததா என்று பார்க்க வந்தேன்.

அந்த வண்டியை உங்கள் மகன் காயலான் கடையில் போட்டபோது கார்டை மட்டும் நான் கேட்டு வாங்கினேன். போன வருஷம் அந்த மூன்று மாவில் ஒரு மாவை என் மகன் அவரிடமிருந்தே கிரயம் வாங்கினான். அதன் வரப்போரம் உங்கள் கார்டை அடித்து இறக்கியிருக்கிறேன். அதில்தான் என் எருமையைக் கட்டுகிறேன். தினமும் அதன்மேல் சாணி போடுகிறது. நான் கழுவுவதில்லை.

மருமகள் கேட்கிறாள்: "மாமா, இவ்வளவு கோவத்துல சொல்றீங்க, நான் பாட்டுக்கு 'நீங்கள்'னே எழுதிட்டேனே. மாத்தவா?"

"எழுதுனது இருக்கட்டும்மா. கடைசியில மட்டும் நான் சொல்றபடி எழுது."

நீ செத்துவிட்டாய். நான் உழுகிறேன்.