சேவல் இறகில் மாட்டிய மீன்

பட்டிப்பொல,
28.09.1996

அன்புள்ள மருமகள் ஹிமாயாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மேகத்துக்கும் மேலே, மலை உச்சியில் குடியிருக்கும் உன் மாமா மீராசா எழுதிக்கொள்வது. நீயும் உன் உம்மாவும் நலமாயிருக்க அல்லாஹ் போதுமானவன். குளிரில் என் மூக்கு எங்கே போனதென்று தெரியவில்லை. மற்றப்படி சுகம்.

இப்போது எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள். இதை நான் சத்தியம் பண்ணியே சொல்வேன்.

நான் சமையல் கோக்கியாக இருக்கும் பங்களாவில் ஒரு வெள்ளைக்காரத் துரை வந்து தங்கியிருக்கிறார். அவருக்கு ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிப்பதைத் தவிர உலகத்தில் வேறு வேலை இல்லை. ஆறு நம் மாவடிப்பள்ளி வாய்க்காலுக்குத் தம்பி முறைதான். ஆனால் காலை வைத்தால் முழங்கால் வரை நமக்குச் சொந்தமில்லை, அப்படிக் குளிர். இரைக்குப் புழுவும் இல்லை, இறாலும் இல்லை. சேவலின் கழுத்து இறகை நூலால் சுற்றி, பூச்சி மாதிரித் தூண்டிலில் கட்டி, சாட்டை சுழற்றுவதுபோல் வீசுகிறார். மீனும் நம்பி வாயைத் திறக்கிறது. என் கதைகளை நம்புகிறவர்களைவிடப் பெரிய மடையர்கள் இந்த மீன்கள்.

போன மாதம் ஊருக்கு வந்தபோது ஸுலைஹா மாமியின் சிவப்புச் சேவலில் நான் கைவைத்தது இதற்காகத்தான். அந்தக் கழுத்தின் மினுக்கம் இலங்கைத் தீவில் எந்தச் சேவலுக்கும் கிடையாது. துரைக்காக ஒரு பிடி, ஒரே ஒரு பிடி பிடுங்கினேன். சரி, இரண்டு. சேவல் கொலர் கிழிந்த பொலிஸ்காரன் மாதிரி வளவுக்குள் தலைகுனிந்து நடந்தது. மாமி கத்தவில்லை. "எண்ட ஊட்ட உட்டு இறங்குங்க" என்று மட்டும் சொன்னார். நம் ஊரில் வீடு பெண்ணுடையதல்லவா? அவருடைய சீதன வீட்டில் இருபத்தொரு வருடம் புருஷன் என்று ராசாவாக இருந்தவன், அன்றைக்குத்தான் விருந்தாளி என்று கண்டுகொண்டேன்.

வழியில் செக்பொயின்டில் ஆமிக்காரன் இறகுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு, இது எதற்கு என்று கேட்டான். மீன் பிடிக்க என்றேன். ஒரு மணித்தியாலம் வெயிலில் நிறுத்திவைத்தார்கள். உண்மை பேசினால் இதுதான் கூலி, மகள்.

அந்த இறகில் முதலில் மாட்டிய மீன் கல்முனை பஸ்ஸின் நீளம். அது துரையை இழுத்தது. துரையை நான் பிடித்தேன். என்னைத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் பதினேழு பேர் பிடித்தார்கள். கரைவலை இழுப்பது மாதிரி அம்பாப் பாட்டுப் பாடித்தான் கரைசேர்த்தோம். துரை மீனை என் கையில் தந்தார். வலைக்காரன் மகன் என்ன செய்வான்? தலையில் ஒரு போடு போட்டு, சாரன் மடியில் செருகிக்கொண்டு குசினிக்கு ஓடினேன். பஸ் எப்படி மடிக்குள் அடங்கியது என்று கேட்காதே. புளியாணம் கொதிக்கும்போது துரை வந்து சட்டிக்குள் எட்டிப்பார்த்தார். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. பிடித்த மீனை அவர் தின்பதில்லையாம், திரும்ப ஆற்றிலேயே விடுவாராம்! நம் கடற்கரையில் இதைச் சொன்னால் பேய் பிடித்ததென்று கட்டிவைத்து ஓதிப்பார்ப்பார்கள்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவனுக்குத்தான் செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்தது. நான் இந்தப் பாதைகளில் உயிரோடு போய்வரவேண்டும் என்று, அந்தச் சேவலைக் கடற்கரைப் பள்ளிக் கந்தூரிக்கு மாமி நேர்ந்துவிட்டிருந்தார் என்று எழுதியிருந்தாய். ஒரு குறையும் இருக்கக்கூடாதென்று ஏழு மாதம் குறுணல் போட்டு வளர்த்தாராம். என்னிடம் மூச்சுவிடவில்லை. சொல்லியிருந்தால் அதையும் கதையாக்கி ஊரைச் சிரிக்கவைத்திருப்பேன். அவர் சொல்லாததே நியாயம்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோற்றுக்கு இரண்டு தரம் உப்புப் போடுகிறேன். தபால்காரனின் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுகிறேன். கேட்காவிட்டாலும் ஓடுகிறேன். புதன்கிழமை துரை ஒரு சாண் மீனை என்னிடம் தந்து, தண்ணீருக்குள் ஓட்டத்துக்கு எதிராகப் பிடி, மூச்சு வந்ததும் விடு என்றார். பிடித்தேன். செவுள் மெல்லத் திறந்து மூடியது. கையை எடுத்தேன். அது போகவில்லை. என் இரண்டு காலுக்கும் நடுவே நின்றது. கால் விறைத்துப்போகும்வரை நானும் அசையவில்லை.

கந்தூரிக் கொடியேற்றத்துக்கு இன்னும் பதினாறு நாள். வெலிமடைச் சந்தையில் ஒரு சிவப்புச் சேவலுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். அதைக் கூடையில் வைத்துக்கொண்டு எத்தனை செக்பொயின்டிலும் நிற்பேன். ஆனால் கல்முனையில் இறங்கி எந்த வீட்டுக்குப் போவது?

மாமியிடம் நீ ஒன்றும் கேட்கவேண்டாம். அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் நேரம் பார்த்து இதை உரத்து வாசி. சிரித்தாரா என்று எழுதவேண்டாம். உள்ளே போனாரா, நின்றாரா என்று மட்டும் எழுது.

உன் உம்மாவுக்கு என் ஸலாம். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் இருப்பவரை அல்லாஹ் எந்தக் குறையும் இல்லாமல் பாதுகாக்கட்டும். எனக்கும் துஆச் செய்.

இப்படிக்கு,
மீராசா மாமா

பஸ் நீள மீன் பொய். பதினேழு பேரும் பொய், துரையின் கண்ணீரும் பொய். அந்த ஒரு சாண் மீன் போகாமல் நின்றது மட்டும் மெய், மகள்.