மூக்கை வைத்துப் பிடித்த வம்சம்

அத்திம்பேரே,

நேற்று அக்கா வீட்டில் நீங்கள் விட்டுப்போன பீரோவைக் குடைந்தபோது அந்த பிரௌசிங் சென்டர் பிரிண்ட் அவுட் கையில் வந்தது. மை வெளுத்த வம்சாவளிப் படம். ஓரத்தில் உங்கள் கொட்டை எழுத்தில் ‘கல்யாணத்தை நிறுத்து’. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அக்காவிடம் காட்டவில்லை, அவளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

எல்லாம் உங்கள் தாத்தாவின் மூக்கால் வந்தது. ஹாலில் மாட்டிய போட்டோவில் அவருக்குக் கிளிமூக்கு. உங்கள் வீட்டில் மற்ற எல்லோருக்கும் சப்பை. திருப்புட்குழி உற்சவத்தில் அதே மூக்கோடு ஒரு பெரியவரைப் பார்த்துவிட்டு வந்து, “தாத்தா அந்தாத்துலேர்ந்து ஸ்வீகாரம் வந்தவரா இருக்கணும்டா” என்றீர்கள். தாத்தா தத்து வந்தவரா என்று ஏதோ ஒரு வம்சாவளி வலைத்தளத்தில் சந்தேகமாகக் கேட்டும் வைத்தீர்கள். பிறகு மறந்தும் போனீர்கள்.

ஒன்றரை வருஷத்தில் உங்கள் பெண் வைதேகிக்கு வரன் அமைந்தது. பிள்ளை, அதே திருப்புட்குழிப் பெரியவரின் பேரன். சம்பந்தி வம்சத்தின் பெருமையைப் பார்க்கலாம் என்று சின்ன காஞ்சிபுரத்து பிரௌசிங் சென்டரில் போய் உட்கார்ந்தீர்கள். யாரோ போட்டிருந்த படத்தில் உங்கள் தாத்தா அந்த வீட்டுப் பிள்ளை, ஸ்வீகாரம் போனவர் என்று இருந்தது. தத்துப் போனாலும் பிறந்த வம்சத்தில் பெண் கொடுக்கக் கூடாதே! பெண்ணும் பிள்ளையும் அண்ணன் தங்கை முறையாகிவிட்டார்கள். பெரியவரும் அதற்குள் காலமாகிவிட்டிருந்தார், கேட்க ஆள் இல்லை. உடனே சம்பந்திக்குப் போன் போட்டு முகூர்த்தத்தை நிறுத்தச் சொன்னீர்கள்.

“இண்டர்நெட்லயே போட்டிருக்கான்டா! பொய்யா சொல்வான்?”

வைதேகி அழுத முகத்தோடு ஒன்றுதான் கேட்டாள்: “நேத்து வரைக்கும் இல்லாத அண்ணா இன்னிக்கு எப்படிப்பா வந்தான்?”

மறுநாள் காலை உங்களை அதே சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனேன். படத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘தகவல் தந்தவர்’ என்று இருந்தது. தட்டினால் உங்கள் பெயர், உங்கள் பழைய கேள்வி! கண்காணாத தேசத்தில் எவரோ உங்கள் சந்தேகத்தை முடிவாக்கிப் படத்தில் சேர்த்திருந்தார்.

“சொன்னது நீங்கதான், அத்திம்பேர்.”

கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தீர்கள். “நான் கேக்கத்தானேடா கேட்டேன்? நம்பச் சொன்னேனா?”

“நம்பினதும் நீங்கதான்.”

அப்படியே பஸ் ஏறித் திருப்புட்குழி போனோம். உறவுக்காரர்கள் நிறைந்த கூடத்தில் நீங்கள் கைகூப்பினீர்கள். “நான் கிளப்பின புரளியை நானே நம்பிட்டேன். கொழந்தை மேல ஒரு தப்பும் இல்லை. மன்னிச்சுக்கோங்கோ, கல்யாணத்தை நடத்திக் குடுங்கோ.” சம்பந்தி இருமல் வரும்வரை சிரித்தார். முகூர்த்தம் பழைய தேதியிலேயே நடந்தது. எனக்கென்னவோ அன்று சிரிப்பு வரவில்லை. யாரிடமும் குரல் தாழ்த்தாத மனுஷர் நீங்கள், பார்க்கவே தாங்கவில்லை.

இப்போது வைதேகியின் பெண் குடும்ப வரலாறு எழுதுகிறாள். உங்கள் தாத்தாவுக்கு மேலே ‘தெரியவில்லை’ என்றே எழுதச் சொல்லிவிட்டேன். உங்கள் பெயருக்கு எதிரே மட்டும் நானே எழுதினேன்: ‘பெண்ணுக்காக நாலு பேர் நடுவில் தன் தப்பை ஒப்புக்கொண்டவர்.’

“இது நிஜமா, யார் சொன்னா?” என்றாள்.

“யாரும் சொல்லலைடீ. நான் பக்கத்துல நின்னுண்டிருந்தேன்” என்றேன்.