கிரீஸ் பட்ட சீட்டு

மார்ச் 3, ஞாயிறு

மகள் விடவில்லை. "சும்மா வந்து உக்காருங்கப்பா, போதும்" என்றாள். ஆலயத்தில் போய் உட்கார்ந்தேன். ஜெபச் சீட்டு நாள் என்பது மறந்தே போயிருந்தது. பேர் போடாமல் வேண்டுதலை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பிறகு ஆளுக்கொரு சீட்டை எடுத்து, மாதம் முழுக்க அதற்காக ஜெபிக்க வேண்டும். என் மனைவிக்காக எட்டு மாதம் எழுதிப் போட்ட பெட்டி. போன ஜூனில் அவளை அடக்கம் செய்தோம். அன்றிலிருந்து என்னால் ஜெபிக்க முடியவில்லை. 'ஆண்டவரே' என்பதோடு நின்றுவிடுகிறது.

எல்லாம் தெரிந்தவர்தானே, அவரே படித்துக்கொள்ளட்டும்! வேலைப் புத்தகத்திலிருந்து ஒரு மஞ்சள் தாளைக் கிழித்து, ஒன்றும் எழுதாமல் மடித்துப் போட்டேன். வீம்புதான். எடுத்த சீட்டையும் பிரிக்கவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

சட்டையைத் துவைக்கப் போடும்போது சீட்டு கையில் வந்தது. "எங்கள் கட்டடத்து லிஃப்ட் ஓட வேண்டும். ஐந்தாம் மாடி. சக்கர நாற்காலியில் இருக்கும் என் வீட்டுக்காரர் ஆறு வாரமாகக் கீழே இறங்கவில்லை."

சிரித்துவிட்டேன். இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக் நான். பரலோகத்துக்கு அனுப்ப வேண்டிய புகாரா இது? எங்கள் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் —

ஆறு வாரம். ஐந்து மாடி. அங்கே போனது நான்தான். 'கன்ட்ரோல் போர்டு போய்விட்டது, புதிது வர வேண்டும்' என்று கையெழுத்துப் போட்டதும் நான்தான். அன்று எங்கள் கல்யாண நாள், அவள் இல்லாத முதல் கல்யாண நாள். ஒரு கதவுப் பூட்டைக்கூடத் திறந்து பார்க்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 6, புதன்

போர்டு இன்னும் வரவில்லையாம். வரும்வரை என் தப்பு வெளியே தெரியாது. சீ, என்ன மனுஷன் நான்!

மார்ச் 9, சனி

போனேன். போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றாம் மாடிக் கதவுப் பூட்டில் நகக்கண் அளவு தகடு ஒன்று தேய்ந்திருந்தது; கதவு மூடியதே லிஃப்டுக்குத் தெரியவில்லை. நாற்பது நிமிஷ வேலை. இதற்காகவா ஒரு மனிதரை ஆறு வாரம் அடைத்து வைத்தேன்?

மன்னிப்புக் கேட்க மேலே போனேன். "லிஃப்ட்லயா வந்தீங்க?" என்று சீட்டு எழுதிய அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற தபால்காரர். "போர்டு போகலீங்க ஐயா. நான்தான் சரியா பாக்காம எழுதிட்டேன்" என்றேன்.

தபால்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்களை நல்லா திட்டியிருக்கேன் தம்பி. ஆண்டவர் காதுலயே போட்டிருக்கேன்" என்றார். பிறகு அவரே சிரித்துவிட்டார்.

மேசையில் வேதாகமம். அதற்குள்ளிருந்து ஒரு மஞ்சள் தாள் எட்டிப் பார்த்தது.

"இவருக்காக நான் எடுத்துட்டு வந்தது வெத்துச் சீட்டு. மாத்திட்டு வரேன்னேன், கேக்கலை" என்றார் அந்த அம்மா.

"வெத்து எங்கே? பெருவிரல் ரேகை இருக்கு பாரு, கறுப்பு கிரீஸ். யாரோ கைவேலை செய்யறவங்க. எழுத முடியாத அளவுக்கு ஏதோ ஒண்ணு. எனக்கு ஆளும் தெரியாது, விஷயமும் தெரியாது. 'இந்தக் கையைப் பிடிச்சுக்கும் ஆண்டவரே'ன்னு தினமும் காலைல சொல்றேன், அவ்வளவுதான்."

என் கையை ஏன் முதுகுக்குப் பின்னால் மறைத்தேனோ! அப்புறம் நீட்டினேன். அவர் சீட்டைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார்.

இதை எழுதும்போதும் உடம்பு சிலிர்க்கிறது. அந்த அம்மாவின் சீட்டுக்காக நான் ஒரு வார்த்தை ஜெபிக்கவில்லையே! சட்டைப் பையில் அல்லவா கிடந்தது! என் மனைவியை ஆண்டவர் ஏன் எடுத்துக்கொண்டார் என்பதற்கு இன்னும் பதில் இல்லை. ஆனால் நான் எழுதாததைப் படித்திருக்கிறார்.

மார்ச் 10, ஞாயிறு

தபால்காரர் ஆலயத்துக்கு வந்தார். நாற்காலியைத் தள்ளியது என் மகள்.

மார்ச் 11, திங்கள்

வேலைக்கு முக்கால் மணி நேரம் தாமதம். புதுப் போர்டு வேண்டாம், தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். மேலாளர் அதை விட்டுவிட்டு, ஏன் லேட் என்றுதான் கேட்டார்.

"ஒருத்தரோட பேச ஆரம்பிச்சேன் சார். ஒன்பது மாசப் பேச்சு, சட்டுனு முடிக்க முடியலை."