ஏழாவது குறை

மார்ச் 5

அன்புள்ள வாத்துக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். கடிதத்தையாவது பிரிப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அண்ணன் வீட்டில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நேற்று நம் வடிவமைப்பு அறையின் புதன்கிழமைக் கூட்டத்தில் நீ வரைந்த குவளைப் படத்தைச் சுவரில் ஒட்டினேன். வழக்கம்போலப் பேர் போடவில்லை. ஆனால் உன் பென்சில் கோடு யாருக்குத்தான் தெரியாது? படுத்த படுக்கையாக இருப்பவர்கள் சிந்தாமல் குடிக்க இதைவிட நல்ல குவளை இல்லை என்று எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள். சீட்டுகளை இத்துடன் வைத்திருக்கிறேன். முப்பதாம் தேதி குவளைக்கு அச்சு வார்க்கப் போகிறோம்.

உன் நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை. அவசரமில்லை, மெதுவாக வா.

என்றும் உன்
குண்டூசி

மார்ச் 10

குண்டூசி,

சாப்பிடுகிறேன். அண்ணி டீ தருகிறாள், குடிக்கிறேன். சூடா, ஆறியதா என்று கேட்டால் தெரியாது. என் வீட்டுக்காரர் போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது. நான் இன்னும் ஒழுங்காக அழவில்லை என்று அண்ணி கவலைப்படுகிறாள். எனக்கு அந்தக் கவலைகூட வரவில்லை.

சீட்டுகள் வந்தன. ஆறு சீட்டு, ஆறிலும் ‘அருமை’. துக்க வீட்டில் சாப்பாட்டுக்கு உப்பில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், தெரியும். ஆனால் ‘நல்லா இருக்கு’, ‘பிடிக்கல’ ரெண்டும் நம் அறையில் செல்லாக்காசு, எந்தக் கையில் பிடித்தால் என்ன ஆகும் என்று சொல்லு என்று பன்னிரண்டு வருஷமாகக் கத்தியவள் நீ. உன் கையெழுத்திலும் ஒரு ‘அருமை’ இருக்கிறது.

ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து வரைந்த படம் அது. நல்லதா கெட்டதா என்று எனக்கே தெரியவில்லை. என் வேலையில் குறை சொல்ல இனி யாருக்கும் மனசு வராது என்றால் நான் அங்கே இருந்து என்ன செய்ய? ராஜினாமாக் கடிதம் உள்ளே இருக்கிறது. நாற்காலியை யாருக்காவது கொடுத்துவிடு.

வாத்து

மார்ச் 19

அடி வாத்து,

என்னைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. எனக்கு அது வேண்டியதுதான்.

நேற்று உன் படத்தை மறுபடி ஒட்டினேன். “போன தடவை நாம பொய் சொன்னோம். நாளைக்கு இதுல ஒரு நோயாளி குடிக்கணும். இப்ப உண்மையைச் சொல்லுங்க”ன்னு சொன்னேன். முதலில் நம் அச்சுக்காரர், “ஈரக் கையில பிடி வழுக்கும்மா”ன்னு மெதுவாக ஆரம்பித்தார். மொத்தம் ஒன்பது குறை. படம் போட்டவர் பத்து நிமிஷம் பேசக் கூடாது என்ற சட்டத்தை நீ மீறாமல் இருந்தது, நீ வராத இந்த ரெண்டு கூட்டத்தில்தான்.

பட்டியலை இணைத்திருக்கிறேன். நாலாவது: இடது கையால் பிடிப்பவருக்குத் தண்ணீர் கன்னத்தில் வழியும். ஏழாவது: ஒரே கை வேலை செய்பவர் மூடியைத் திறக்க முடியாது. ஒன்பதாவது நான் சொன்னது. வாய்க்குழலின் வளைவு ஒரே ஒரு ஆளின் தாடைக்கு அளந்தது. அது உன் வீட்டுக்காரரின் தாடை. மற்றவர்களுக்குப் பொருந்தாது.

இதைச் சொல்லிவிட்டு வெளியே போய் அழுதேன். அச்சு வேலையை நிறுத்திவிட்டேன். உன் ராஜினாமா என் மேசையில் இருக்கிறது, இன்னும் மேலே அனுப்பவில்லை. என் மேல் கோபப்படு, பரவாயில்லை.

உன்
குண்டூசி

மார்ச் 23

குண்டூசிக்கு,

ஒன்பதாவதை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. சரிதான். அவருக்காகத்தான் அளந்தேன். வேறு யாரும் குடிப்பார்கள் என்ற நினைப்பே எனக்கு இல்லை.

பட்டியலைப் பிடித்தபடியே டீயைக் குடித்தேன். நாக்கு சுட்டுவிட்டது. “என்ன அண்ணி, இவ்வளவு சூடா”ன்னு கேட்டேன். அவள் அடுப்பை விட்டுவிட்டு வந்து என் முகத்தையே பார்த்தாள்.

ஆனால் ஏழாவது தப்பு. நான் கையால் செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மாதிரிக் குவளையைக் கடைசி வாரம் அவர் ஒரே கையால் திறந்தார். மூடி ஓரத்தில் இருக்கும் சின்னக் காதுக்கு அடியில் கட்டைவிரலைக் கொடுத்துத் தூக்கினார், நான் பக்கத்தில்தான் இருந்தேன். அந்தக் காதைப் படத்தில் போட மறந்திருக்கிறேன். குறை படத்தில், குவளையில் இல்லை. இதுகூடப் புரியாமல் என்ன கூட்டம் நடத்துகிறீர்கள்?

ராஜினாமாவைக் கிழித்துப் போடு. புதன்கிழமை வருகிறேன், படத்தைச் சுவரிலேயே விட்டு வை. பத்து நிமிஷம் பேச மாட்டேன். பதினோராவது நிமிஷம் உன்னிடம் ஏழாவதைப் பற்றிப் பேச வேண்டும்.

வாத்து