கீழே பார்த்து நின்ற பீப்பாய்

அன்புள்ள டார்லா,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? நம் ஜோசிக்கு ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்துவிட்டதா?

இங்கே கிடங்குகள் நிரம்பிக் கிடக்கின்றன. போர்பன் விஸ்கி வாங்க ஆள் குறைந்துவிட்டதால், திங்கட்கிழமை முதல் காய்ச்சுவதை நிறுத்துகிறார்கள். பயப்படாதே, கிடங்கில் எனக்கு வேலை இருக்கிறது.

நேற்று கடைசிப் பீப்பாயை நான்தான் உருட்டினேன். அது கிடங்கு அடுக்கில் போய் நிற்கும்போது, அதன் வயிற்றிலுள்ள துளையின் மர அடைப்பு மேலே பார்க்க வேண்டும், இல்லையென்றால் ஒழுகும். அதைக் கணக்குப் பண்ணித்தான் உருட்டத் தொடங்குவோம். கல்யாணமான புதிதில் பீப்பாயின் வெனிலா வாசம் ஏறிய என் சட்டையை முகர்ந்து, "கேக் கடையிலயா வேலை பாக்குற?" என்று கேட்டாயே, அது ஞாபகம் வந்துவிட்டது. அடைப்பு கீழே போய் நின்றது.

"மனசு மலைமேல இருக்கற வீட்டுக்குப் போயிடுச்சா, மெர்ல்? இழுடா வெளிய!" என்றார் மேஸ்திரி ஹோபார்ட். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

விஸ்கி ஊறி முடிந்து, எட்டு வருஷம் கழித்து அந்தப் பீப்பாயைத் திறக்கும்போது ஜோசிக்குப் பதினாலு வயதாகியிருக்கும்.

கம்பளி சாக்ஸ் அனுப்பு. நீ செய்த ஆப்பிள் ஜாமும், உன் தலையணை உறை ஒன்றும் வை. இங்கே என் போர்வைகூட விஸ்கி வாடைதான் அடிக்கிறது.

தபால் வண்டி வந்துவிட்டது. தலையணை உறையைத் துவைத்துவிடாதே.

உன் மெர்ல்