புளி போட்டுத் தேய்த்த ராக்கெட் சாமான்

நவம்பர் 4, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துணி ஒன்றும் காயவில்லை. வாங்க வேண்டியது: து.பருப்பு, ம.எண்ணெய், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு ரிப்பன், அவருக்குத் தலைவலி மாத்திரை.

அவர் இன்றும் சவரம் செய்யவில்லை. ராக்கெட் கடலில் விழுந்த மறுவாரமே, விசாரணை முடிகிறவரை ஊரில் போய் இருங்கள், கூப்பிடும்போது வந்தால் போதும் என்று ராக்கெட் தளத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். சம்பளம் வருகிறது. வேலைதான் இல்லை. யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று கையெழுத்து வேறு. யாரிடமும் என்றால் என்னிடமுமாம். கட்டின பெண்டாட்டியிடம்!

நச்சரித்துப் பிடுங்கியதில் தெரிந்தது இவ்வளவுதான். ராக்கெட்டுக்குள் ஒரு குழாய் இணைப்பு. முடுக்கியது இவர். தீ அந்த இடத்தில்தான் ஆரம்பித்திருக்கிறது. இணைப்பில் கசிந்ததா, பக்கத்துக் குழாய் வெடித்ததா என்பதுதான் கேள்வி. கசிந்திருந்தால் இவர் தலை உருளும். வெடித்திருந்தால் வேறு யார் தலையோ. தன் கைமேல் இவருக்குச் சந்தேகமே இல்லை. இந்த வீட்டில் இப்போதைக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

இன்ஸ்டிட்யூட்டில் காதில் விழுந்தது: "டீச்சர் வூட்டுக்காரர்தான் ராக்கெட்ட கவுத்துட்டாராம்." "வெளிநாட்டுக்காரன் காசு குடுத்தானாமே?" காசு கொடுத்திருந்தால் நான் ஏன் ஒழுகுகிற கூரைக்கு அடியில் குண்டான் வைத்துக்கொண்டிருக்கிறேன்? கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். இரண்டு பேருக்கும் ஒரு பக்கம் கூடுதலாக அடிக்கக் கொடுத்தேன். அற்பத்தனம்தான். மனசுக்கு நன்றாக இருந்தது.

நவம்பர் 5, செவ்வாய்

மழை விட்டது. கொசு.

வீட்டுச் சொந்தக்காரர் வந்து கூரையைப் பார்த்துவிட்டுப் போனார். பழைய சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்களிடம் முகம் கொடுத்துப் பேசுகிற ஒரே ஆள். "மதாம், பட்டாளத்துல எங்களுக்கும் இதே கூத்துதான். மொதல்ல யார் மேல போடறதுன்னு முடிவு பண்ணுவான். அப்புறம்தான் விசாரணை" என்றார். ஆறுதலுக்குத்தான் சொல்கிறார், பாவம். கூரைக்குப் பொங்கல் கழித்துப் பார்க்கலாமாம்.

ரேடியோவில் ஒரே வரி: தொழில்நுட்பக் கோளாறு, விசாரணை நடைபெறுகிறது. அப்புறம் வயலும் உரமும்.

நவம்பர் 7, வியாழன்

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் வரும்.

காலையில் கொழுந்தன் முருகையன் குருசுக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வந்தான். வியர்த்து வழிந்தது. "அண்ணே, கடல்ல ஒரு சாமான் மெதந்து வந்துச்சு. பூசணிக்கா மாதிரி உருண்ட. மூக்கு கணக்கா ஒரு கொழா நீட்டிக்கினு கீது. ஒரே கரி. எழுத்துகூட அடிச்சிருக்குது. கட்டுமரத்துல கட்டி இழுத்தாந்துட்டோம்." எழுத்தை ஒரு காகிதத்தில் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருந்தான்.

அவர் காகிதத்தைப் பார்த்தார். முகம் மாறியது. மூன்று வாரமாக நான் பார்க்காத முகம். "என்னுதுதான். நான் முடுக்குனதுதான் ஜெயா" என்றார். குழந்தை பிறந்த மாதிரி சிரிப்பு.

நான் சொன்னேன், ஓடிப்போய் முதலில் பாருங்கள் என்று. கேட்டால்தானே! "தகவல் சொல்லாம நான் தனியா போய் நின்னா, தொட்டுட்டான்னு பேர் வரும். தந்தி குடுத்துட்டுத்தான் போகணும்." தம்பியிடம், "எதையும் கழட்டாத. யாரையும் தூக்கிட்டுப் போக விடாத. ஆபீசருங்க வருவாங்க" என்று சொல்லி அனுப்பினார். சவரம் செய்தார். இஸ்திரி போட்ட சட்டை. தந்தி ஆபீசில் கூட்டம். நானும் லீவு சொல்லிவிட்டுக் கூடவே நின்றேன். குப்பத்துக்குப் போகும்போது உச்சி வெயில்.

ஓலைப் பந்தலுக்குக் கீழே, பலகை மேல் வைத்திருந்தார்கள். வெள்ளிக் குடம் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, மேலே ஒரு முழம் டிசம்பர் பூ.

மாமியார் முழங்கைவரை கரியோடு எழுந்து வந்தார். முகமெல்லாம் பல். "வந்துட்டியா ராசா? பாரு, எப்படிக் கீதுன்னு! புளியும் செங்கத்தூளும் போட்டு, நாரால தேச்சித் தேச்சி, மூணு பேருக்கும் கை வுட்டுப் போச்சி."

அங்கே அது வழக்கம். கடல் எதைக் கொடுத்தாலும், புதுசாக வந்த பொருளைக் கழுவி விளக்கி மஞ்சள் வைத்துத்தான் வீட்டண்டை சேர்ப்பார்கள். எனக்குக் கல்யாணமான புதிதில் ஒரு கப்பல் மிதவையைக்கூட அப்படித்தான் விளக்கிப் பொட்டு வைத்திருந்தார்கள். நானே பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

அவர் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து இணைப்பின் திருகு மரைக்குள் விரலை விட்டார். விரலைப் பார்த்தார். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"பெரிய ஆபீசருங்க வராங்கன்னு முருகையன் சொன்னான். எம்புள்ள செஞ்ச சாமான் அவங்க கண்ணுக்கு அழுக்கா தெரியலாமா?"

முருகையன் சொன்ன சொல் காத்தான். ஒரு திருகுகூடக் கழற்ற விடவில்லை. தேய்க்கக் கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லையே.

நவம்பர் 8, வெள்ளி

அவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். பசித்தது, என்ன செய்ய.

மதியம் தானாகவே சொன்னார். கையெழுத்துப் போட்டதையெல்லாம் மறந்துவிட்டு முதல் தடவையாக முழுசாகச் சொன்னார். கரிதான் சாட்சியாம். இணைப்பில் கசிந்து தீப்பிடித்திருந்தால் மரையைச் சுற்றிக் கரி ஏறியிருக்கும். பக்கத்துக் குழாய் வெடித்திருந்தால் வெளியே ஒரு பக்கமாக மட்டும் படிந்திருக்கும், மரை சுத்தமாக இருக்கும். இப்போது எல்லாமே சுத்தம்.

"கரி எப்படி இருந்துச்சுன்னு அம்மாவக் கேட்டுப் பாருங்களேன்" என்றேன். முருகையனைக் கூப்பிட்டுக் கேட்டார். "கரிதாண்ணே. எல்லாப் பக்கமும் கரிதான்" என்கிறான். ஓரகத்தி ஒரு பக்கம்தான் என்கிறாள். மாமியார் அடியில்தான் நிறைய என்கிறார். மூன்று பேர் தேய்த்தார்கள், மூன்று விதமாகச் சொல்கிறார்கள். எதற்குக் கேட்கிறோம் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. மாமியாருக்குத் தெரியவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மாமியார் மேல் எனக்கு வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? இவர் மேலும்தான். தந்தியாம், இஸ்திரிச் சட்டையாம்!

நவம்பர் 10, ஞாயிறு

மேகமூட்டம். வேன் வந்தது. இரண்டு ஆபீசர்கள். ஒருவர் வழுக்கை, ஒருவர் இளவயது, கண்ணாடி. குப்பமே திரண்டு நின்றது.

வழுக்கை ஆபீசர் மாமியாரிடம் கேட்டார். "யார் சொல்லித் தேச்சீங்க?"

"யாரு சொல்லணும்? எங்க பழக்கம்யா அது."

"உங்க மகன் சொல்லி அனுப்பினாரா?"

"அவன் அப்ப இங்க இல்லியே."

"அவர் தம்பி வந்து சொன்னதுக்கு அப்புறம்தானே தேச்சீங்க?"

"ஆமா. ஆபீசருங்க வராங்கன்னு சொன்னான், அதனாலதான்..."

இதையே மாற்றி மாற்றிக் கேட்டார்கள். மாமியார் முதலில் பெருமையாகத்தான் பதில் சொன்னார். அப்புறம் குரல் இறங்கியது. மகனைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. எந்த நொடியில் புரிந்தது என்பதை நான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். அப்படியே வழுக்கையின் காலில் விழுந்துவிட்டார். "நாந்தான்யா தேச்சேன், எம்புள்ள இல்லயா, என்னக் கூட்டிக்கினு போங்கய்யா." அந்த ஆள் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கோபம் இல்லை, கூச்சம். அதுவும் மனுஷன்தான் போலிருக்கிறது.

சாமானைத் தார்பாயில் சுற்றி ஏற்றினார்கள். டிசம்பர் பூவையும் சேர்த்துத்தான். கிளம்பும்போது ஊருக்கே ஓர் உத்தரவு: "இங்க எதுவும் கிடைக்கல. யார் கேட்டாலும் அதான் பதில்."

பின்வரிசையில் ஒரு கிழவர்: "அப்ப நாங்க இழுத்தாந்தது இன்னா, சுறாவா?"

நவம்பர் 16, சனி

பேப்பரில் வந்துவிட்டது. ராக்கெட்டின் பாகம் புதுவைக் கடலோரம் ஒதுங்கியதாகப் பரவும் செய்தி வெறும் வதந்தி, மக்கள் நம்ப வேண்டாம்.

மக்கள் நம்பாமல் இருப்பார்களா? இல்லையென்று சொன்னதும்தான் ஆரம்பித்தது. இன்றைக்குக் காதில் விழுந்தவை:

அது ராக்கெட் இல்லை, குண்டு.

கடலில் விஷம் கலந்துவிட்டது.

தேய்த்த பொம்பளைகளுக்குக் கை அழுகுகிறது.

வேனில் வந்தவர்களே வெளிநாட்டுக்காரர்கள்தான்.

குப்பத்து மீனை யாரும் வாங்கவில்லை. மாமியார் கூடையோடு கருவடிக்குப்பம் முழுக்கச் சுற்றிவிட்டு, போன கூடையோடு அப்படியே திரும்பி வந்தார். என் வீட்டுப் படியில் உட்கார்ந்து இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கை நன்றாகத்தான் இருந்தது. "வெட்டிப் போட்டுடலாம்னு இருக்குது ஜெயா" என்றார். நான் திட்டினேன். திட்டிவிட்டு அழுதேன். அத்தை, நீங்க வேணும்னு செய்யலையே என்று சொன்னேன். என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மீனைக் குழம்பு வைத்தேன். சொல்தா வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். சாப்பிட்டாரா என்று தெரியாது.

நவம்பர் 28, வியாழன்

புயல் சின்னமாம். கடலுக்குப் போகவில்லை யாரும்.

ரேடியோ: விசாரணை முடிந்தது. கோளாறின் காரணம் கண்டறியப்பட்டுச் சரி செய்யப்பட்டுவிட்டது. நாட்டின் பாதுகாப்பு கருதி அறிக்கை வெளியிடப்படாது.

பிற்பகல் தபாலில் இவருக்கு உத்தரவு. திங்கட்கிழமை வேலைக்கு வர வேண்டும். இனிமேல் கிடங்குப் பிரிவு. சம்பளம் அதேதான். காரணம் கிடையாது.

நான் துள்ளினேன். "வேலை போவல, பாத்தீங்களா! தப்பு இருந்தா கூப்பிடுவாங்களா?"

"தப்பு இல்லன்னா ஏன் கெடங்கு?"

"தப்புன்னா வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

"வீட்டுக்கு அனுப்பினா ஏன்னு சொல்லணும் ஜெயா. கெடங்குல போட்டா சொல்ல வேண்டாம்."

தபாலாபீசுக்குப் போய் டிரங்க் கால் போட்டார். கண்ணாடி ஆபீசர்தான் பேசினாராம். காரணம் என் இணைப்பா, இல்லையா, அது ஒன்று மட்டும் சொல்லுங்கள் சார், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று இவர் கேட்டிருக்கிறார். 'அது ரகசியம். உங்களுக்குச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை' என்று பதில். செய்தவனுக்கே சொல்லக் கூடாத ரகசியமா? இப்படியும் உண்டா? தப்பு செய்தாய் என்றாவது சொல்லிவிட்டால் அழுது தொலைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

டிசம்பர் 1, ஞாயிறு

மழை. சூட்கேஸ்: சட்டை நான்கு, போர்வை, ஊறுகாய் பாட்டில், மாத்திரை.

மாமியார் வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை. "ரேடியோவுல முடிஞ்சிடிச்சின்னு சொன்னானாமே. யார் மேல சொன்னான்? எம்மேலயா, ஒம்மேலயா? எதுவானாலும் சொல்லிட்டுப் போ, தாங்கிக்கிறேன்."

"யார் மேலயும் இல்லம்மா."

"யாருமே செய்யாமயா வுழுந்துது?"

அவர் எழுந்துபோய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தார். டீ போட்டுக் கொடுத்தேன்.

டிசம்பர் 2, திங்கள்

காலை முதல் பஸ்ஸுக்கே கிளம்பினார். பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஜன்னலோர இடம் கிடைத்தது. நான் கீழே குடையோடு நின்றேன்.

கண்டக்டர் விசில் ஊதப் போகிற நேரம் பார்த்து, தலையை வெளியே நீட்டினார். "ஜெயா, மரை கடைசி வரைக்கும் ஏறுச்சான்னு நான் பாத்தனா? பாத்த மாதிரிதான் இருக்குது."

"பாத்திருப்பீங்க. நீங்க பாக்காம விடுவீங்களா?"

"அன்னிக்குப் பாத்தனான்னு கேக்கறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.