போலந்திலிருந்து வந்த கூழ்

டெல்லி, 12.2.1986

அன்புள்ள ராஜாமணிக்கு,

மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கம். உன் கால்வீக்கம் வடிந்ததா?

நான் சமைக்கும் வீட்டு அதிகாரி பத்து நாள் போலந்து போய்வந்து, தாம் அரூரில் பிறந்ததை மறந்துவிட்டார். அந்நாட்டுப் புளித்த மாவு சூப் விருந்துக்கு வேண்டுமாம். அந்த மாவு இங்கே கிடைக்காததால் கம்பு மாவைப் புளிக்கவைத்துக் காய்ச்சி, அவித்த முட்டை போட்டேன். ருசி பார்த்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"இது எங்க ஆத்தா காச்சற கூழாச்சே. விருந்தாளிங்ககிட்ட வாயத் தொறந்துடாத."

விருந்தாளிகள் உருகிப்போனார்கள். அவர் வார்சாவைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். உன் பிரசவத்துக்கு லீவு கேட்டேன்.

"நீ போயிட்டா போலந்து சூப்ப யாரு வெப்பா?"

ஞாயிற்றுக்கிழமை மறுபடி விருந்து. அன்று எல்லோர் முன்னாலும் அது கம்பங்கூழ் என்று சொல்லப்போகிறேன். திங்களன்று ரயிலில் இருப்பேன். நீ அனுப்புவதாக எழுதிய ஊறுகாயைப் பார்சல் கட்டாதே. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

தீர்த்தகிரி